அம்மாவின் கண்ணுக்குள் நழுவிய லென்ஸ்

கடந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு நான் நகர்ந்தபோது, பின்னால் நின்றிருந்த அம்மா, “ஏன் பாப்பா, இன்னிக்கு ரெண்டு முகம் ஏத்தியிருக்க?” என்று கேட்டார். எரிந்து கொண்டிருந்தது ஒரு முகம்தான். அவருடைய இடக்கண்ணை என் உள்ளங்கையால் மூடிவிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னேன்; அப்போதும் இரண்டு சுடர் தெரிவதாகச் சொன்னார். வலக்கண்ணை மூடியதும் சுடர் ஒன்றாகிவிட்டது. ஒரே கண்ணில் ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்கு உள்ளேயே இருக்கக்கூடும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொஞ்ச நாளாகவே குனிந்து கோலம் போடும்போது கண்ணின் ஓரத்தில் பிறை போல ஒரு வளைந்த கோடு ஆடுகிறது என்றும், மல்லாந்து படுத்தால் அது காணாமல் போய்விடுகிறது என்றும் அதற்குப் பிறகுதான் அம்மா சொன்னார்.

அந்த வலக்கண்ணில் கண்புரை நீக்கிச் செயற்கை லென்ஸ் வைத்து அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 32 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அம்மா. விடியுமுன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரப்பட்டையில் உளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே அளந்தவர். அந்தக் கண்ணில் கண்புரை வந்தபோது அவர் பட்ட வேதனையும், அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச்சுவரின் நிறத்தைப் பார்த்து அவர் மகிழ்ந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. “லென்ஸ் வச்சாச்சு, இனி கட்டையில போற வரைக்கும் கவலையில்ல” என்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வயதானவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையும்தான். உண்மையாகாமல் போகும் சிலருக்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே, பார்வை மங்குகிறது என்று அம்மா சொன்னதைக் கேட்டு, பட்டணத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தோம். ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு வாரம் சரியாக இருந்து, பிறகு ஒத்துவராமல் போனது. கண்ணுக்குள்ளே லென்ஸ் சாய்ந்து கொண்டும் நகர்ந்து கொண்டும் இருந்தால், நேற்று எடுத்த அளவு இன்று பொருந்தாது. லென்ஸ் வைத்துப் பல ஆண்டுகள் ஆன ஒருவருக்குக் கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறினால், மூன்றாவது கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கண்மணியை விரிய வைத்து உள்ளே பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கிக் கொண்டு, தம்பியின் காரில் ஈப்போவுக்குப் போனோம். மருந்து விட்டுக் கண்மணி விரிந்த பிறகு, தாடையைத் தாங்கியில் வைத்து, மெல்லிய கோடு போன்ற வெளிச்சத்தால் கண்ணைப் பார்க்கும் கருவியின் முன் அம்மாவை உட்கார வைத்தார்கள். மேலே பார், கீழே பார், இப்போது நேராகப் பார் என்று மருத்துவர் சொல்லச் சொல்ல, கண் நின்ற பிறகும் உள்ளே லென்ஸ் மட்டும் சற்று நேரம் நடுங்கியது. உதவியாளர் பார்ப்பதற்காகப் பக்கத்தில் இருந்த திரையில் அதை நானும் பார்த்தேன். கண்மணியின் கீழ்ப்பாதியில், அந்தியில் மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியனைப் போல, லென்ஸின் மேல்விளிம்பு வளைந்து தெரிந்தது. இப்படிக் கீழே இறங்குவதை மருத்துவர்களும் அந்தி சாய்வதை வைத்தே பெயரிட்டு அழைப்பது உண்டு என்று பிறகு அறிந்தேன். “லென்ஸ் சூடா ஜாத்தோ, மக்சிக்” என்றார் அந்த மலாய் மருத்துவர். விழுந்துவிட்டது என்பதை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பசாரில் 40 ஆண்டுகள் மலாய் பேசிய அம்மா, தரையில் எதையோ தேடுவது போலத் தன் மடியைப் பார்த்தார்.

லென்ஸ் எப்படி விழுகிறது என்பதை அன்று அந்த மருத்துவர் பொறுமையாக வரைந்து காட்டினார். நம் கண்ணின் இயற்கை வில்லை ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பையைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள், உறுமி மேளத்தின் தோலைச் சுற்றிலும் கயிறுகள் இழுத்துப் பிடித்திருப்பது போல, கண்ணின் உட்சுவரோடு கட்டிப் பிடித்திருக்கின்றன. கண்புரை அறுவைச் சிகிச்சையில் பையின் முன்பக்கத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வட்டமாகத் திறந்து, மங்கிப்போன வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை விரித்து வைக்கிறார்கள். பார்வை தரும் நடுவட்டம் 6 மில்லிமீட்டர். இரு பக்கமும் நீளும் கைகளையும் சேர்த்தால் முனைக்கு முனை சுமார் 13 மில்லிமீட்டர். எடையோ ஓர் அரிசி மணி அளவு. அந்த அரிசி மணியை வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டியவை பழைய இழைகள்தான்; அவற்றுக்கு வயது லென்ஸின் வயதன்று, மனிதரின் வயது.

அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் லென்ஸ் நகர்ந்தால், பை கிழிந்திருக்கலாம், அல்லது ஒரு கை பைக்குள்ளும் மறு கை வெளியிலுமாக மாட்டியிருக்கலாம். பல ஆண்டுகள் கழித்து நகர்ந்தால் கதை வேறு. அப்போது பை கிழியாமல், லென்ஸும் பையுமாகச் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன, ஏனென்றால் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. அம்மாவுக்கு நடந்தது இதுதான். கண்ணில் பட்ட அடி, மிக அதிகமான கிட்டப்பார்வை, முன்பு நடந்த விழித்திரை அறுவைச் சிகிச்சை, கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வந்த அழற்சி, பிறவியிலேயே இழைகள் பலவீனமாக இருக்கும் மார்ஃபான் போன்ற நிலை என்று காரணங்கள் பல. ஆனால் வயதானவர்களிடம் அதிகம் காணப்படும் காரணம் இன்னொன்று. கண்ணின் முன்பகுதியில், கண்மணியின் ஓரத்திலும் வில்லையின் மேற்பரப்பிலும், பொடித்த சாம்பலைப் போல வெண்துகள் படிந்து, இழைகளையும் அரித்துவிடுகிறது. 1917இல் பின்லாந்து மருத்துவர் லிண்ட்பெர்க் முதலில் விவரித்த இந்நிலையை இன்று சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் என்கிறார்கள். அம்மாவின் கண்மணி ஓரத்தில் அந்தச் சாம்பல் இருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியையும் அது அடைத்துக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், லென்ஸைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கும்போதே அழுத்தத்தையும் அளந்து குறித்துக் கொண்டார்கள்.

“அப்ப செஞ்ச டாக்டரு சரியா செய்யலையோ?” என்று அம்மா கேட்டார். எங்களோடு காத்திருந்த உறவினர் ஒருவரும் அதையேதான் சொன்னார். 11 ஆண்டுகள் நன்றாகப் பார்த்த கண்ணைப் பற்றி அப்படிச் சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். லென்ஸில் குறையில்லை, அன்றைய கைவேலையிலும் குறையில்லை, தாங்கியது தளர்ந்துவிட்டது. இதைப் புரிந்து கொண்ட பிறகுதான் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெளிவாயிற்று. பழைய தாங்கல் போய்விட்ட கண்ணில், இனி லென்ஸை எதில் மாட்டப் போகிறீர்கள்? சிகிச்சை முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழி. லென்ஸ் சற்றே நகர்ந்து பார்வை கெடாமல் இருந்தால் கவனித்துக் கொண்டிருக்கலாம். முழுவதுமாகக் கண்ணின் பின்பகுதிக் கூழுக்குள் விழுந்து அமைதியாகக் கிடந்தாலும் லென்ஸ் விஷமன்று. உடனே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் வில்லை இல்லாத கண்ணுக்குப் பத்து, பன்னிரண்டு பவர் கண்ணாடி வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் புரை எடுத்தவர்கள் போட்டிருந்த சோடாப்புட்டிக் கண்ணாடி நினைவிருக்கிறதா? அதன் வழியாக எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணில் லென்ஸோடும் மறு கண்ணில் அந்தக் கண்ணாடியோடும் பார்க்கிறவருக்கு இரு காட்சிகளும் ஒன்று சேராது, படியிறங்கும்போது கால் தடுமாறும். காண்டாக்ட் லென்ஸ் பொருத்தலாம் என்றாலும், மூட்டுவலியால் விரல் மடங்காத 76 வயதுப் பெண்மணியால் அதை நாள்தோறும் போட்டுக் கழற்ற முடியுமா என்று மருத்துவரே தலையசைத்துவிட்டார். அவசரமான நிலைமைகளும் உண்டு: லென்ஸ் முன்னால் வந்து, கண்ணின் முகப்பில் தெளிந்த கண்ணாடி போல இருக்கும் கருவிழியின் உட்புறத்தில் உரசினால், வலியோடு கண் அழுத்தம் ஏறினால், அல்லது மின்னல் வெட்டுவது போல ஒளியும் ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழலும் தெரிந்தால், அன்றைக்கே போக வேண்டும். கடைசியில் சொன்னவை விழித்திரை பிரிவதன் அடையாளங்கள்.

லென்ஸும் பையும் ஓரளவு நல்ல இடத்தில் இருந்தால், அதே லென்ஸின் கைகளைச் சுருக்குப் போட்டது போல நூலால் பிடித்து வெண்விழியோடு தைத்து நிறுத்தலாம். வெட்டு சிறியது என்பது இதில் நன்மை. அம்மாவின் லென்ஸ் அகன்ற மென்மையான கைகளைக் கொண்ட ஒற்றைத் துண்டு வகையைச் சேர்ந்தது, அதைச் சுற்றிப் பையும் தடித்துச் சுருங்கியிருந்தது. ஆகவே எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைப்பதே மேல் என்றார்கள். வைப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. கருவிழிக்கும், கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலமான கருவளையத்துக்கும் இடையில், முன்னறையின் மூலைகளில் ஊன்றி நிற்கும் லென்ஸ் ஒரு வகை. விரைவில் முடிந்துவிடும் வேலைதான், ஆனால் கருவிழியின் உட்புறத்தில் அதைத் தெளிவாக வைத்திருக்கும் உயிரணுக்கள் காலப்போக்கில் குறையலாம். அவை ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. அம்மாவுக்கு அவை ஏற்கெனவே குறைவாக இருந்தன. கருவளையத்தையே நண்டு கொடுக்கால் கவ்வுவது போலப் பிடித்துக் கொள்ளும் லென்ஸ் இரண்டாவது வகை. நெதர்லாந்தின் யான் வோர்ஸ்ட் உருவாக்கியது, இன்று பலர் அதைக் கருவளையத்தின் பின்புறத்தில் மாட்டுகிறார்கள். மூன்றாவது இடம் வெண்விழிச் சுவர்.

வெண்விழியில் மாட்டுவதுதான் என்னை மிகவும் ஈர்த்தது, அதன் வரலாறு முழுவதும் நூலைப் பற்றிய கவலையாக இருப்பதால். முதலில் தலைமுடியைவிட மெல்லிய 10-0 பாலிபுரொப்பிலீன் நூலால் தைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு நூல் இற்றுப்போய் லென்ஸ் மறுபடியும் விழுந்தது. அதனால் தடித்த நூலுக்கும், கோர்டெக்ஸ் என்னும் வேறு வகை நூலுக்கும் மாறினார்கள். நூலே வேண்டாம், லென்ஸின் கைகளையே வெண்விழியின் தடிமனுக்குள் செருகிவிடலாம் என்று ஜெர்மனியில் ஷாரியோத் செய்து காட்டினார். 2007இல் சென்னையில் அமர் அகர்வால், வெண்விழியில் சிறு மடல் எடுத்து, கைகளை அதனடியில் செருகி, இரத்தப் புரதத்திலிருந்து எடுக்கும் ஃபைப்ரின் பசையால் மடலை ஒட்டினார். அந்தத் துறையின் முன்னணி வேலைகளில் ஒன்று சென்னையில் நடந்தது என்று மருத்துவர் சொன்னபோது அம்மாவின் முகத்தில் முதன்முறையாகத் தெளிவு வந்தது. நான் அதைக் குறித்து வைத்துக் கொண்டேன்.

அம்மாவுக்குச் செய்தது ஜப்பானின் யோகோஹாமாவில் ஷின் யமானே வகுத்த முறை. மிக மெல்லிய இரண்டு ஊசிகளை, நேரெதிராக, கருவிழி முடியும் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி வெண்விழியின் வழியாகச் சாய்வாகக் கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். லென்ஸின் ஒரு கையை ஓர் ஊசியின் துளைக்குள்ளும் மறு கையை மற்றதின் துளைக்குள்ளும் கோத்து, ஊசிகளை வெளியே இழுத்தால், அவற்றோடு கைகளின் முனைகளும் வெளியே வருகின்றன. அந்த முனைகளைச் சூட்டுக் கருவியால் தொட்டதும் உருகிக் குமிழ் விடுகின்றன. குமிழை வெண்விழிக்குள் அழுத்திவிட்டால் கை நழுவாது. தோட்டத்தில் நைலான் கயிற்றை அறுத்தால், பிரி பிரியாமல் இருக்க முனையைத் தீக்குச்சியில் காட்டி உருட்டிவிடுவோமே, அதேதான், ஆனால் 0.3 மில்லிமீட்டர் அளவில். தையலும் இல்லை, பசையும் இல்லை. 2017இல் யமானேயின் குழு வெளியிட்ட ஆய்வில் 97 நோயாளிகளின் 100 கண்களில் இதைச் செய்திருந்தார்கள்; கருவளையத்தில் லென்ஸ் சிக்கிக் கொண்டது 8 கண்களில், உள்ளே இரத்தக் கசிவு 5 கண்களில், விழித்திரையின் நடுவில் நீர்க்கோப்பு ஒரு கண்ணில். இதற்கு மெல்லிய கம்பி போன்ற கைகளையுடைய மூன்று துண்டு லென்ஸ்தான் தேவை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: எந்த முறை சிறந்தது என்று உலகம் முழுவதும் ஒரே பதில் கிடையாது. அந்தக் கண்ணின் நிலையையும், அறுவை செய்பவரின் கை எந்த முறையில் பழகியது என்பதையும் பொறுத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். மருத்துவரிடம் இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று கேட்க நான் தயங்கவில்லை, அவரும் மறைக்காமல் சொன்னார்.

முதலில் செய்ய வேண்டியது விட்ரெக்டமி, அதாவது கண்ணின் பின்பகுதியில் நிறைந்திருக்கும் கூழை அகற்றுவது. அந்தக் கூழ் லென்ஸைப் பிடித்துக் கொண்டிருக்கும்போது லென்ஸை இழுத்தால் விழித்திரையும் கூடவே இழுபட்டுக் கிழியலாம். வெண்விழியில் மூன்று நுண்துளைகள் இட்டு, ஒன்றில் நீர் செல்ல, ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டி உறிஞ்சும் கருவி என்று வேலை செய்கிறார்கள். சிலருக்கு லென்ஸ் விழித்திரையின் மேலேயே விழுந்து கிடக்கும். அப்போது தண்ணீரைவிடக் கனமான பெர்ஃபுளோரோகார்பன் என்னும் திரவத்தை உள்ளே விட்டு, லென்ஸை அதன்மேல் மிதக்க வைத்து மேலே கொண்டு வருகிறார்கள். அம்மாவுடையது அவ்வளவு ஆழம் போகவில்லை. நடுவில் தொங்கிக் கொண்டிருந்ததை முன்னால் எடுத்து, கத்தரியால் வெட்டித் துண்டாக்கிச் சிறிய திறப்பு வழியாக எடுத்தார்கள். அந்தத் துண்டுகளைப் பிறகு ஒரு சிறு குப்பியில் எனக்குக் காட்டினார்கள். 11 ஆண்டுகள் எங்கள் முகங்களை அம்மாவுக்குக் காட்டியது, மீன் செதில் போல இரண்டு துணுக்குகளாகத் தண்ணீரில் கிடந்தது.

கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அம்மா விழித்தே இருந்தார். அறைக்கு வெளியே நானும் தம்பியும் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வலித்திருக்குமோ என்பதைவிட, பயந்து தலையை அசைத்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை. வெளியே வந்ததும் அவர் சொன்னது வேறு. “ஆத்துல முங்கிக் கண்ணத் தொறந்து மேல பாத்தா வெளிச்சம் ஆடுமே, அப்படி இருந்துச்சு பாப்பா. அழகாத்தான் இருந்துச்சு.”

பிறகு வந்த வாரங்கள் எளிதாக இருக்கவில்லை. கண் சிவந்து கிடந்தது; இரண்டு வகைச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டியிருந்தது; இரவில் கண்ணைக் கசக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் மூடி போட்டுப் படுக்க வேண்டியிருந்தது. அரிசி மூட்டையைத் தூக்கக்கூடாது என்றால் கேட்டுக் கொள்வார், ஆனால் வாசலைக் குனிந்து கூட்டக்கூடாது என்றால் கேட்க மாட்டார். முதல் வாரத்தில் அழுத்தம் சற்றே ஏறி, மருந்தில் இறங்கியது. பார்வை உடனே வந்துவிடவில்லை. முதல் நாள் கை அசைவு, பத்தாம் நாள் என் முகம், ஆறாவது வாரத்தில் பலகையின் எழுத்துகள் என்று மெல்ல மெல்லத்தான் வந்தது. அளவு நிலைத்த பிறகு எடுத்த கண்ணாடி இன்றுவரை மாறவில்லை. விழித்திரை பிரிதல், நடுப்பகுதியில் நீர்க்கோப்பு, லென்ஸ் சாய்தல், கிருமித் தொற்று ஆகியவை பிறகும் வரக்கூடும் என்று கையொப்பமிடும்போதே சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள்.

இடக்கண்ணிலும் அந்தச் சாம்பல் இருக்கிறது. அங்கேயும் 9 ஆண்டுகளுக்கு முன் வைத்த லென்ஸ்தான். இப்போதைக்கு அசையாமல் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அழுத்தத்தையும் லென்ஸையும் பார்த்துக் கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அது இறங்கினால் என்ன செய்வார்கள் என்பது எங்களுக்கு இப்போது தெரியும் என்பதால், வீட்டில் அதைப் பற்றிப் பயமின்றிப் பேச முடிகிறது.

நாள்காட்டியில் தேதித் தாளைக் கிழிப்பது அம்மாவின் வேலை. கிழித்ததும் ஒரு கண்ணை மூடிக் கொண்டு பெரிய எண்ணைப் பார்க்கிறார், பிறகு மறு கண்ணை மூடிக் கொண்டு அதே எண்ணைப் பார்க்கிறார். அதற்குப் பிறகு கீழே பொடியாக இருக்கும் ராகு காலத்தை இரண்டு கண்களாலும் தனித்தனியே வாசிக்கிறார். “கோடு நேராத்தான் இருக்கு” என்று அடுப்படியிலிருக்கும் எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, தேநீருக்கு வந்து உட்காருகிறார்.